ஒரே கொட்டகையில் வள்ளமும் காரும்: குமரி மாவட்டத்தின் ஃபைபர் பட்டறைகள்

நாகர்கோவிலிலிருந்து முட்டம், குளச்சல் பக்கம் இறங்கும் சாலைகளில் ஃபைபர் பட்டறையைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. தகரக் கூரை, சுவரில்லாத பக்கங்கள், வாசலில் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளம், அதைப் பார்ப்பதற்கு முன்பே மூக்கில் ஏறும் ரெசின் நெடி. எங்காவது ஒன்றில் அந்த வள்ளத்துக்கு அருகிலேயே கதவும் சக்கரமும் இல்லாத ஒரு காரின் கூடு கிடக்கும். படகு செய்கிறவருக்குக் காரில் என்ன வேலை? பதில் அவர் கையாளும் பொருளில் இருக்கிறது. அந்தப் பொருள் அவரைக் கார் பக்கம் ஆசை காட்டி இழுக்கிறது. வேறு சில காரணங்கள் மறுபடியும் வள்ளத்துக்கே அனுப்பிவிடுகின்றன.

தகட்டில் ஒரு கார்க் கதவு செய்ய வேண்டுமானால் நூற்றுக்கணக்கான டன் அழுத்தம் தரும் பிரஸ்ஸும், அந்தக் கதவுக்கென்றே வெட்டிய டை என்னும் எஃகு அச்சும் வேண்டும். பல ஆயிரம் கதவுகள் விற்றால்தான் அந்த டையின் விலை கழியும். ஃபைபருக்கு அழுத்தமும் வேண்டாம், உலையும் வேண்டாம். ஓர் அச்சு, பிரஷ், ரோலர், தராசு, கத்தரிக்கோல், கிரைண்டர் போதும். அச்சு வள்ளத்தினுடையது என்றால் வள்ளம் வரும். காரினுடையது என்றால் காரின் உடல் வரும். குருசடி என்னும் சிறு சிலுவைக் கோயிலில் வைக்கும் மாதா சொரூபம் முதல் திற்பரப்பு போன்ற இடங்களில் மிதக்கும் மிதிபடகு வரை இதே கைவேலைதான்.

நாம் ஃபைபர் என்று சுருக்கிச் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, மயிரிழையைவிட மெல்லியதாக இழுக்கப்பட்ட கண்ணாடி நார். அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பிப் பாயாக்கினால் மேட். தடித்த இழைகளாக்கி நெய்தால் ரோவிங். மற்றொன்று பாலியஸ்டர் ரெசின், தேன் நிறத்துப் பிசுபிசுப்புத் திரவம். ரெசினில் கொஞ்சம் கோபால்ட் கரைசல் கலந்திருக்கும். வேலை தொடங்கும் நேரத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு ஹார்டனர் சேர்த்தால் வேதிவினை தொடங்கித் திரவம் இறுகும். பாலுக்கு உறைமோர் விடுகிற கணக்குத்தான்: வெயில் நாளில் குறைத்து விட வேண்டும், குளிர் நாளில் கூட்டி விட வேண்டும். வித்தியாசம், இங்கே தவறினால் புளிப்பதில்லை. வாளியோடு கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். ஹார்டனரையும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அதனால் அனுபவசாலிகள் இரண்டு டப்பாக்களையும் ஒரே அலமாரியில்கூட வைப்பதில்லை.

இந்தப் பொருள் பிறந்ததிலிருந்தே படகும் காரும் சேர்ந்தேதான் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் 1942-இல் கண்ணாடி நாரும் பாலியஸ்டர் ரெசினும் கொண்டு சிறு பாய்மரப் படகு ஒன்றைச் செய்தார். 1953-இல் செவர்லே நிறுவனம் கார்வெட் காரை ஃபைபர் உடலோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் செய்தது 300 கார்கள் மட்டுமே. கவனிக்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான். கலிபோர்னியாவில் ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1964-இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் உறுப்புகளின் மேல் உட்காரும் ஒரு மணல்வெளிக் காரைச் செய்தார். அவருடைய படகு அனுபவம் அந்தக் காரின் ஒவ்வொரு வளைவிலும் தெரியும். நம் நாட்டில் பெங்களூரில் உருவான சிப்பானி டால்பின், பிறகு வந்த சான் ஸ்டார்ம் இரண்டும் ஃபைபர் உடல் கொண்டவை. இரண்டுமே எண்ணிக்கையில் பெரிதாக வளரவில்லை. ஃபைபர் கார்கள் பெரும்பாலும் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரத்தோடு மூச்சு வாங்குவதற்குக் காரணம் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குமரிக் கடற்கரைக்கு ரெசின் வந்த வழி வேறு. இங்கே அலை நேரடியாகக் கரையில் வந்து உடைகிறது. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் கிடையாது. கரையிலிருந்துதான் இறங்க வேண்டும், மணலில்தான் ஏற வேண்டும். அதற்கு வாய்த்த கலம் கட்டுமரம். மென்மரத் தடிகளைக் கயிற்றால் பிணைத்தது, தண்ணீர் உள்ளே வந்தால் அடுத்த நொடியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. இன்னொன்று அயனி, மா போன்ற மரங்களில் குடைந்த வள்ளம். ஆனால் பெரிய மரம் குறைந்தது, விலை ஏறியது. பெல்ஜியத்திலிருந்து வந்த அருள்பணியாளர் பியர் ஜிலே போன்றோர் முட்டத்தில் பிளைவுட் படகுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 1980-களில் பிளைவுட் வள்ளம் இந்தக் கரை முழுக்கப் பரவியது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சிஃப்ஸ்’ என்னும் மீனவர் சங்கக் கூட்டமைப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்தப் படகில் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடி நார்ப் பட்டை வைத்து ரெசின் பூசுவார்கள். இந்தக் கரையின் தச்சர்களில் பலர் ரெசினைக் கையாளப் பழகியது அந்த மூட்டு வேலையில்தான். படகு முழுவதும் ஃபைபர் என்ற நிலை வந்தபோது கை ஏற்கெனவே தயாராக இருந்தது.

அதன் பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி போன்ற ஊர்களைச் சிதைத்தது. நிவாரணமாகப் படகு கொடுக்க முன்வந்த அமைப்புகள் ஏராளம். எல்லோருக்கும் உடனே வேண்டும். உடனே செய்யக்கூடியது ஃபைபர் படகு ஒன்றுதான். தமிழகக் கரை நெடுகப் புதிய பட்டறைகள் முளைத்தன, ரெசினைத் தொட்டே பார்த்திராதவர்கள்கூடப் படகு ‘ஒட்ட’த் தொடங்கினார்கள். அவசரத்தில் செய்த படகுகளின் தரம் பற்றிப் பிற்பாடு எழுந்த முறையீடுகளில் நியாயம் இருந்தது. அந்த அலையில் முளைத்த பட்டறைகள் பலவும் நிவாரணப் பணம் வற்றியதும் மூடிக்கொண்டன. தொழிலாகக் கற்றவர்கள் நின்றார்கள். இன்று குமரியில் தனி ஆளாக இரண்டு மூன்று உதவியாளர்களை வைத்துக்கொண்டு நடத்தப்படும் பட்டறைகளின் பின்னணி பெரும்பாலும் இதுவே.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அச்சின் உட்புறத்தில் வேக்ஸ் பலமுறை தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். ஒட்டாமல் கழன்று வர அதுதான் உத்தரவாதம். அதன் மேல் ஜெல்கோட், நிறம் கலந்த கெட்டி ரெசின், அரை மில்லிமீட்டர் தடிமனில். படகு வெளியே வரும்போது கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு இதுதான்; அதாவது இந்தத் தொழிலில் வண்ணம் முதலில், உடல் பிறகு. ஜெல்கோட் மெலிந்துவிட்டால் அடுத்த பூச்சின் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அதைத் தின்று சுருக்கம் விழ வைக்கும், தடித்துவிட்டால் விரிசல் விடும். வெள்ளை ஜெல்கோட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலக் கனிமங்களில் ஒன்றான இல்மனைட்டை மணவாளக்குறிச்சி அருமணல் ஆலை நம் கடற்கரை மணலிலிருந்துதான் பிரித்தெடுக்கிறது. மணலை அனுப்பிவிட்டு நிறத்தை டின்னில் விலைக்கு வாங்குகிறோம் என்பது இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு வேடிக்கை.

ஜெல்கோட் விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் முதல் மேட் விழும். ஒருவர் ரெசினைப் பூச, மற்றவர் மேட்டைப் பரப்ப, மூன்றாமவர் வரிப் பள்ளமிட்ட இரும்பு ரோலரை உருட்டுவார். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசினைக் குடித்ததும் மறைந்துவிடும். எங்காவது வெள்ளைப் புள்ளி நின்றால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். ரோலர் உருளும்போது எழும் சளக் சளக் என்ற ஒலி மாறுவதை வைத்தே காற்று வெளியேறிவிட்டதா என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கையில் இருப்பது ஏறக்குறைய இருபது நிமிடம். அதற்குள் வாளியில் இருப்பது கெட்டியாகத் தொடங்கும். பேச்சு நின்றுவிடும் நேரம் அது.

கணக்கு எளியது. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று, தன் எடையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலான ரெசினைக் குடித்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனாகும். காரின் உடலுக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில் போதும். மணலில் இழுபடும் வள்ளத்தின் அடிப்பகுதிக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். மேட்டும் ரோவிங்கும் மாறி மாறி வரும். “அண்ணே, அடியில் எத்தனை மேட்?” என்பதுதான் வள்ளம் வாங்க வருகிறவரின் முதல் கேள்வி. கேள்வி சரி. ஆனால் பதிலை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. நாரைக் குறைத்து ரெசினைக் கூட்டினாலும், மலிவான டால்க் பொடியை ரெசினில் கலந்தாலும் தடிமன் அதே தடிமன்தான். பளபளப்பும் அதே பளபளப்புதான். வலிமை நாரில் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஃபைபருக்கு இயல்பாக ஒரு பலவீனமும் உண்டு. எளிதில் உடையாது, ஆனால் வளையும்; மேட்டில் செய்த பலகையின் விறைப்பு எஃகின் விறைப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மையென்றாலும், தடிமன் என்பது காசு, எடை இரண்டும். ஆகவே உள்ளே மரச் சட்டமோ ஃபோம் துண்டோ வைத்து அதன் மேல் மேட் போர்த்தி விலா எலும்புகளை உண்டாக்குகிறார்கள். நல்ல பட்டறைக்காரரை அந்த விலாவின் இடைவெளியைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம்.

இன்னொரு விஷயம் உயிர் சார்ந்தது. ஃபைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி கொண்டது. கட்டுமரம் தானாக மிதக்கும். நீர் நிறைந்த ஃபைபர் வள்ளம் தானாக மிதக்காது. இருக்கைக்கு அடியிலும் முன், பின் முனைகளிலும் ஃபோம் அடைத்த, நீர் புகாத அறைகள் இருந்தால்தான் கவிழ்ந்த பிறகும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தின் கடலோர ஊர்களில் எத்தனை வீடுகளை இருளாக்கியது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஃபோமுக்குப் பதில் வெற்று அறையை மூடிவிட்டு விலையைக் குறைப்பது நடக்கிறது. அப்படிக் குறைத்துக் கேட்பவரையும் நான் குற்றவாளியாகவே பார்க்கிறேன்.

காருக்கு வருவோம். காரின் தேவை வேறு. வள்ளத்தின் பக்கவாட்டில் சிறு அலை இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கார் பானெட்டில் அது கண்ணை உறுத்தும். பாலியஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். முழுதாக இறுகாத உடலை அவசரத்தில் அச்சிலிருந்து எடுத்தால் கோணும். கருப்பு வண்ணம் அடித்து வெயிலில் நிறுத்தினால் சூடேறி, உள்ளே இருக்கும் நாரின் தடம் பெயின்ட்டின் மேல் எழும்பும். கதவின் கீல், பூட்டு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் அழுத்தத்தை ஒரே புள்ளியில் இறக்குபவை. அந்த இடங்களில் உலோகத் தகட்டை நாருக்கு நடுவில் புதைக்க வேண்டும். புட்டி தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்யும் வேலைக்கே வள்ளம் ஒன்றை முடிக்கும் நேரம் போய்விடும்.

இதையெல்லாம் பொறுமையால் வெல்லலாம். வெல்ல முடியாதது காரின் எலும்புக்கூடு. மாருதி 800 முதல் இன்றைய எந்தச் சிறிய காரை எடுத்தாலும் அதற்குத் தனியாக சேஸி என்னும் அடிச்சட்டம் கிடையாது; தகட்டு உடலேதான் வலிமை. அதைக் கழற்றிவிட்டு ஃபைபரைப் போர்த்த முடியாது, கழற்றினால் கார் என்று ஒன்றும் மிஞ்சாது. சேஸி தனியாக இருக்கும் பழைய ஜீப், ஜிப்ஸி வகைகள்தான் இதற்கு ஒத்துவரும். இல்லையென்றால் இரும்புக் குழாயில் புதிதாகச் சட்டம் கட்ட வேண்டும். அது வேறு ஒரு தொழில், வேறு ஒரு பொறுப்பு.

அப்படிச் செய்தாலும் சாலையில் ஓட்ட முடியுமா? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. புதிய வாகனமாகவே பதிவு செய்யலாமென்றால், மாதிரியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தில் காட்டித் தேற வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அது ஒரு செலவு இனம்; தகரக் கொட்டகைக்காரருக்கு ஆயுள் சம்பாத்தியம். விபத்தில் உயிர் காக்கும் விதியைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்தாறு வண்டி செய்கிறவருக்கும் ஐந்து லட்சம் வண்டி செய்கிறவருக்கும் ஒரே வாசல் என்பது சின்னவருக்கு வாசலே இல்லை என்பதுதான். ஆகவே அவருடைய கார்கள் கண்காட்சிக்கும், பூங்காவுக்குள் ஓடும் சிறு வண்டிக்கும் போகின்றன. மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடும் தனிவகை வண்டிகள் சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல.

எண்ணிக்கைக்குத் திரும்புகிறேன். ஃபைபர் அச்சு ஒன்றைச் செய்ய, முதலில் மரத்திலும் புட்டியிலும் முழு அளவு மாதிரி வேண்டும். அதன் மேல் அச்சு எடுக்க வேண்டும். அச்சு விற்கப்போகும் பொருளைவிடத் தடிமனாக, விறைப்பாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைப்பு. அதன் பிறகு ஒவ்வொரு உடலுக்கும் பல நாள் கைவேலை. நூறாவது உடலுக்கும் முதல் உடலுக்கான நேரமே ஆகும். பிரஸ்ஸில் எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்கும், இங்கே இறங்காது. சில நூறு என்றால் ஃபைபர் லாபம், பல்லாயிரம் என்றால் தகடு லாபம். பெரும்பாலான ஃபைபர் கார்கள் வளராமல் நின்றதற்குக் காரணம் இதுதான். வள்ளத்துக்கோ யாரும் பல்லாயிரம் கேட்பதில்லை. ஒரு துறைக்கு ஆண்டுக்குச் சில, அடுத்த துறைக்குச் சில. அவரவர் அலைக்கு ஏற்ப மூக்கைக் கொஞ்சம் உயர்த்து, வயிற்றைக் கொஞ்சம் அகலமாக்கு என்று கேட்பார்கள். ஃபைபரின் கணக்கும் கடற்கரையின் கணக்கும் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

ஆக, பட்டறைக்காரரின் உண்மையான சொத்து அச்சு. அந்தச் சொத்துக்குப் பூட்டும் கிடையாது. நன்றாக ஓடுகிற வள்ளம் ஒன்றைக் கவிழ்த்து, வேக்ஸ் தேய்த்து, அதன் மேலேயே நாரை ஒட்டினால் அச்சு ரெடி. அமெரிக்காவிலும் இதே கதைதான்: படகிலிருந்து நேரடியாக அச்சு எடுப்பதைத் தடை செய்த புளோரிடா மாநிலச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் செல்லாது என்றது. புரூஸ் மேயர்ஸும் தன்னைக் காப்பியடித்தவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்பு உண்டு. மூக்கு வளைவைப் பதிவு செய்யச் சின்னப் பட்டறைகள் போவதில்லை. தானும் யாருடைய வள்ளத்திலிருந்தோ அச்சு எடுத்துத் தொடங்கியவர்தானே என்ற நினைப்பும் இருக்கலாம்.

அன்றாடச் செலவைத் தாங்குவது பழுது வேலை. விசைப்படகின் ஐஸ் அறைக்கு உட்பூச்சு, மரப் படகின் மேல் ஃபைபர் போர்வை, மணலில் தேய்ந்த அடிப்பகுதிக்குப் புது மேட். இதற்கு வாய்ப்பான காலம் மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் உண்டு: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரை விதிப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் மேற்குக் கரை விதிப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்கு வேலை வெயிலில் முடிந்துவிடும். மேற்கு வேலை வருவதோ தென்மேற்குப் பருவமழையோடு. ஈரத்தைக் குடித்த மேட்டில் ரெசின் பால் நிறமாக வெளுத்துப்போகும். பழைய ஃபைபர் நனைந்திருந்தால் புதியது பிடிக்காமல் தோலாக உரியும். வேலை குவியும் மாதமும் வேலை கெடும் மாதமும் ஒன்றாக இருப்பதுதான் இந்தத் தொழிலின் தலைவிதி. விளக்கு வைத்துச் சூடேற்றியும் தார்ப்பாய் கட்டியும் சமாளிக்கிறார்கள்.

தார்ப்பாய் கட்டினால் நெடி உள்ளேயே நிற்கும். அது ஸ்டைரீன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்ற சந்தேகம் வலுத்த பட்டியலுக்கு உயர்த்தியது. கிரைண்டர் பறக்கவிடும் கண்ணாடித் தூள் தோலில் குத்தி இரவெல்லாம் அரிக்கும், நுரையீரலுக்கும் நல்லதல்ல. முகத்தில் கட்டிய துண்டு ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடிதான் தடுக்கும். அதன் விலை ஒரு நாள் ரெசின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. இறந்துபோன வள்ளங்களுக்கும் கதி இல்லை. ஒருமுறை இறுகிய பாலியஸ்டரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. கடற்கரையில் பாதி மணலுக்குள் கிடக்கின்றன.

வாங்குகிறவர் நம்பிக்கையை மட்டும் நம்பாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வள்ளத்தில் தண்ணீர் வடியத் துளை போடும்போது வட்டமாக ஒரு துண்டு வெட்டி வரும். வழக்கமாக அது குப்பைக்குப் போகும். அதைக் கேட்டு வாங்கி, எடை பார்த்து, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் எரித்தால் ரெசின் முழுதும் போய்விடும். கண்ணாடி நார் எரியாமல் அடுக்கடுக்காக நிற்கும். அடுக்குகளை விரலால் பிரித்து எண்ணலாம். நாரின் எடை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வெகுவாகக் குறைந்தாலும், எரித்த பின் நார் அடுக்குகளுக்கு நடுவில் வெள்ளைப் பொடி மிஞ்சினாலும், மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பே பட்டறைக்காரரிடம் பேசிவிட வேண்டும். ஒழுங்காகச் செய்கிற பட்டறைக்காரர் அந்தத் துண்டைக் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்.